ஜெராக்ஸ் கடை நோட்ஸில் அப்பாஸ் மிர்சா பாடம்: வாங்கலாமா?

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்பைரல் போட்டு விற்கும் மேற்காசிய வரலாறு நோட்ஸ், 160 ரூபாய்க்கு மோசமில்லை. எழுத்து பெரிது, ஓரத்தில் குறிப்பெழுத இடமும் உண்டு. ஆனால் பாரசீகப் பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்சா பாடத்தை அப்படியே மனப்பாடம் செய்தால் மார்க் போகும்.

தலைப்பே ‘மன்னர் அப்பாஸ் மிர்சா’. அவர் அரியணை ஏறவே இல்லை. 1789-ல் பிறந்தவர், தந்தை ஃபத் அலி ஷா உயிரோடிருக்கும்போதே 1833-ல் மஷ்ஹதில் இறந்தார். 1834-ல் ஷா ஆனது அவர் மகன் முகமது. அப்பாஸ் மிர்சா உருவாக்கிய ‘நிஜாம்-இ-ஜதீத்’ படையை ஐதராபாத் நிஜாமோடு முடிச்சுப் போட்டிருப்பது அடுத்த கூத்து. அதற்கு ‘புதிய ஒழுங்கு’ என்று பொருள்; துருக்கி சுல்தான் மூன்றாம் செலிம் தன் படைக்கு வைத்த பெயரும் அதுவே. ஜமாபந்தி, தாசில்தார் என்று தினமும் பாரசீகம் பேசுகிற ஊரில் இது தப்பியிருக்க வேண்டாம்.

தேதிகளில்தான் நிறையப் பேர் விழுவார்கள். ரஷ்யாவிடம் தோற்றுப் பாரசீகம் கையெழுத்திட்ட இரண்டு ஒப்பந்தங்களில், குலிஸ்தானுக்கு ரஷ்யப் பழைய நாட்காட்டிப்படி 1813 அக்டோபர் 12, துர்க்மென்சாய்க்குப் புதிய கணக்கில் 1828 பிப்ரவரி 22 என்று கலந்து போட்டிருக்கிறார்கள். 19-ம் நூற்றாண்டில் இரண்டு நாட்காட்டிக்கும் வித்தியாசம் 12 நாள். குலிஸ்தானை அக்டோபர் 24 என்று திருத்திக்கொண்டால் கணக்கு நேராகும்.

பாடத்தின் பெரிய ஓட்டை, புதுப்படை ஏன் தோற்றது என்பதற்கு ‘ரஷ்யா வலிமையானது’ என்ற ஒரே வரி. பத்து மார்க் கேள்விக்கு இது போதாது. 1807-ல் பிரான்ஸ் பாரசீகத்தோடு செய்த ஃபின்கென்ஸ்டைன் ஒப்பந்தப்படி பிரெஞ்சு அதிகாரிகள் பயிற்சி தர வந்தார்கள். இரண்டே மாதத்தில் தில்சித்தில் நெப்போலியன் ரஷ்யாவோடு சமாதானமாகிவிட, அந்த உதவி அந்தரத்தில் நின்றது. பிறகு ஆங்கிலேயர். பீரங்கிப் படையைப் பழக்கிய லிண்ட்சே, நம் மதராஸ் பீரங்கிப் படைக்காரர். (நோட்ஸில் அவர் பெயரே இல்லை.) 1812-ல் பிரிட்டன் ரஷ்யாவோடு கைகோத்ததும் அதிகாரிகளைத் திரும்ப அழைத்தது. லிண்ட்சே, கிறிஸ்டி உட்படச் சிலர் மட்டுமே தங்கினர். அதே ஆண்டு அஸ்லாந்துஸில் ரஷ்யத் தளபதி கோத்லியாரெவ்ஸ்கியின் சிறு படை திடீரென்று பாய்ந்தபோது பாரசீக முகாம் சிதறியது; கிறிஸ்டி அங்கேயே மாண்டார். இரவல் வாத்தியார்களை நம்பிய படை, பழங்குடிக் குதிரைவீரர்களோடு ஒட்டாத காலாட்படை, சம்பளத்துக்குத் தெஹ்ரானின் கையை எதிர்பார்க்கும், அப்பாஸ் மிர்சாவின் தலைமையிடமான தப்ரீஸின் கஜானா: இந்த மூன்றையும் எழுதினால் விடை நிற்கும்.

1821–23 துருக்கிப் போரில் அப்பாஸ் மிர்சா வென்றதையும், 1811-லும் 1815-லும் இங்கிலாந்துக்கு மாணவர்களை அனுப்பியதையும் சரியாகவே கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு பக்கத்தில் கை வைக்க வேண்டாம்.

வாங்கும்போது வரைபடப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். சில காப்பிகளில் டோனர் தீர்ந்து, 1828 எல்லையான அராஸ் ஆறே காணாமல் போயிருக்கிறது. வேறு காப்பி கேட்டால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறார்கள்.