கண்காட்சிக்குப் படம் அனுப்பும் முன் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படியுங்கள்

போன மாதம் ஒரு நாட்டுப்புறக் கலைக் கண்காட்சியில் நான்கு நாள் கடை போட்டிருந்தேன். கைவேலைக்கு மட்டுமே இடம் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். அதே வரிசையில், மூன்று கடை தள்ளி, நான் வரைந்த படத்தின் அச்சு நகல்களை அடுக்கி வைத்து விற்றார்கள். இன்னும் கோபம் ஆறவில்லை. இப்போது எங்கேயோ உட்கார்ந்து இப்படி ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் துணியில் இயற்கைச் சாயத்தால் வரைகிறவள். துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் காயப்போட்ட பிறகுதான் கோடே போட முடியும். கறுப்புக்கு இரும்புக் கரைசல். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் தடவி, மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலத்துக்கு அவுரிச் செடியின் சாயம். ஒவ்வொரு நிறத்துக்கும் அலசுவது, காயப்போடுவது எல்லாம் தனி. ஒரு பெரிய துணி முடிய எனக்கு ஆறு வாரம் பிடிக்கும்.

விண்ணப்பத்தோடு ஐந்து படைப்புகளின் புகைப்படம் கேட்டார்கள். ஒவ்வொன்றும் முழு அளவில், 300 டிபிஐ தரத்தில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நுணுக்கத்தில், இருக்க வேண்டுமாம். தேர்வுக் குழு நுணுக்கம் பார்க்கும் என்றார்கள். வேலையை அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கப் போகிறார்களே என்று சந்தோஷமாகவே அனுப்பினேன். 300 டிபிஐ என்பது அச்சகத்துக்கு வேண்டிய தரம், திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்க அதில் சிறு பகுதிகூடத் தேவையில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் ஒரு பெண் வந்து என் துணிகளைப் பொறுமையாகப் பார்த்தார். "அக்கா, இதே மரம் அந்தக் கடையில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்குதே, நீங்க ஏன் இவ்வளவு சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தார். என் மரம்தான். கீழ்க்கிளையில், கிளியின் வாலுக்குப் பக்கத்தில், மற்ற இலைகளுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி ஒரே ஒரு இலை இருந்தது. அந்த இலையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். வரையும்போது அந்த இடத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு விழுந்துவிட்டது. கடுக்காய் ஏறிய துணியில் இரும்புக் கறுப்பு பிடித்தால் பிடித்ததுதான், அலசிப் போகாது. அதை மறைக்க நான் போட்ட இலை அது. அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்தேன், அடுக்கில் இருந்த ஒவ்வொரு துணியிலும் அதே இலை.

வாங்குபவர்களுக்கும் இது உதவும்: துணியைத் திருப்பிப் பாருங்கள். இயற்கைச் சாயம் நூலுக்குள் இறங்குவதால் பின்பக்கத்திலும் நிறம் தெரியும். அச்சுத் துணி பெரும்பாலும் பின்னால் வெளிறிப்போய் இருக்கும். ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம், கெட்டி வண்ணத்தில் கையால் தீட்டியதும் பின்பக்கம் இறங்காது. கூடவே ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டால் நல்லது. நான் பார்த்த துணியில் கிளியின் பச்சை முழுக்கப் பொடிப்பொடியான அச்சுப் புள்ளிகள்.

நேராக அமைப்பாளர்களிடம் போனேன். "மேடம், நாட்டுப்புறக் கலை பொதுச்சொத்து. மரமும் கிளியும் யாருக்கும் தனிச் சொந்தமில்லை" என்றார் ஒருவர். எல்லாவற்றையும்விட என்னை அதிகம் வலிக்க வைத்த பேச்சு இதுதான். மரமும் கிளியும் எல்லோருக்கும் பொது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அவற்றை எனக்கு முன்னால் எத்தனையோ பேர் வரைந்தார்கள், எனக்குப் பின்னாலும் வரைவார்கள். ஆனால் அந்தக் கிளையை அங்கே வளைத்ததும் அந்த இலையை எதிர்ப்பக்கம் திருப்பியதும் நான். பொதுவான உருவங்களை வைத்து ஒருவர் தன் கையால் அமைத்த படத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டு. படைப்பாளிகளின் உரிமைக்காக 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் அதற்குப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அதைச் சொன்னதும் என் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார்கள். பதினோராவது நிபந்தனை: அனுப்பப்படும் படங்களை விளம்பரத்துக்கும் 'இதர பயன்பாடுகளுக்கும்' அமைப்பாளர்கள் உபயோகிக்கலாம். கீழே என் கையெழுத்து. படம் அந்தக் கடைக்கு எப்படிப் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்தப் புகைப்படத்தை நான் வேறு யாருக்கும் அனுப்பியதில்லை. எடுக்கும்போது கீழ்க்கரை கொஞ்சம் வெட்டுப்பட்டுவிட்டது. அச்சுத் துணியும் சரியாக அதே இடத்தில் முடிகிறது.

கொஞ்சமாவது கைகொடுத்தது நான் வேலை நடுவே எடுத்து வைத்திருந்த படங்கள். இலை போடுவதற்கு முன், கறுப்புச் சொட்டு மட்டும் இருக்கும் படம் தேதியோடு கைபேசியில் இருந்தது. மூன்றாம் நாள் அதைக் காட்டிய பிறகு நகல்களை மேசைமேல் இருந்து எடுத்தார்கள். மேசைக்கு அடியில் வைத்து விற்பது நிற்கவில்லை. ஒவ்வொரு நிறம் முடிந்ததும் ஒரு படம் எடுத்து வையுங்கள், தயவுசெய்து.

விண்ணப்பத்துக்கு 800 பிக்சல் அகலப் படம் தாராளமாகப் போதும். அதை ஒரு மீட்டர் துணிக்கு இழுத்தால் கோடெல்லாம் கலங்கிவிடும். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் ஒரு மூலையை மட்டும் பெரிதாக அனுப்புங்கள். 'இதர' என்ற சொல் கண்ணில் பட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ள மாட்டோம் என்றால் அந்தக் கண்காட்சி வேண்டாம். அப்புறம், பணம் பொதுக் கவுன்டரில்தான் வாங்குவார்கள் என்றால் ஒவ்வொரு பில்லையும் படம் எடுத்து வையுங்கள். என் விற்பனையில் இரண்டு துணிகள் அவர்கள் கணக்கில் இல்லவே இல்லை.

எழுத்தில் கொடுத்த புகாருக்கு இதுவரை பதில் வரவில்லை. அடுத்த கண்காட்சிக்கான விண்ணப்பம் மட்டும் நேற்று வந்திருக்கிறது. பதினோராவது நிபந்தனையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.