ஹா ஜியாங் போகிறீர்களா? பாஸ்போர்ட்டை அடகு வைத்து பைக் எடுக்காதீர்கள்

வியட்நாமில் வாடகை பைக் எடுத்துச் சுற்றலாம் என்று திட்டம் போட்டிருப்பவர்கள், முக்கியமாக ஜோடியாகப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 2024 நவம்பரில், வியட்நாமின் வடக்கு மலைப்பகுதியான ஹா ஜியாங்கில் என் கணவரின் பாஸ்போர்ட்டை 35 லட்சம் டாங் கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தோம். நம் கணக்கில் 11,500 ரூபாய்க்கு மேல். முதல் நாள் காலையில் ஒரே ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் அந்தப் பணம் எங்கள் கையிலேயே இருந்திருக்கும்.

ஹனோயிலிருந்து ஹா ஜியாங் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இரவு ஸ்லீப்பர் பஸ்ஸில் ஏறினால் விடியும் முன்பே கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். எங்களை இறக்கிவிட்டது ஒரு ஹோம்ஸ்டே வாசலில். மணி மூன்றரை. கண்ணைத் திறக்க முடியாத தூக்கம், வெளியே நல்ல குளிர். மேசையில் இருந்த பெண்மணி “பாஸ்போர்ட்” என்று கையை நீட்டினார், இரண்டையும் கொடுத்துவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டோம்.

அதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. வியட்நாமில் எந்த விடுதியில் தங்கினாலும், தங்குகிறவர்களின் விவரத்தை அவர்கள் உள்ளூர் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். அதனால் போன இடமெல்லாம் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், சில இடங்களில் மறுநாள் காலைதான் திருப்பித் தருவார்கள். பத்து நாளில் எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

அந்த ஹோம்ஸ்டேயிலேயே பைக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். காலை எட்டு மணிக்கு ஒரு 110 சிசி செமி ஆட்டோமேட்டிக் வண்டியை எடுத்தோம். ஒரு நாளைக்கு 2 லட்சம் டாங், நான்கு நாள். கையெழுத்துப் போட்டதும் என் பாஸ்போர்ட்டை மட்டும் என்னிடம் கொடுத்தார். என் கணவருடையது? “பைக், டெபாசிட்” என்று சொல்லி மேசை டிராயரைத் தட்டிக் காட்டினார்.

“ஏங்க, அதை எதுக்கு இங்க விட்டுட்டுப் போகணும்?” என்று கேட்டேன். “திரும்பி இங்கதானே வரப்போறோம், நம்ம பெரிய பை ரெண்டும் இங்கதானே இருக்கு” என்றார் அவர். நியாயமாகத்தான் பட்டது. அவரும் பாதித் தூக்கத்தில் இருந்தார், நானும் விட்டுவிட்டேன். தனியாகப் போயிருந்தால் நான் அங்கே பிடிவாதம் பிடித்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டு பேராகப் போகும்போது, துணைக்கு ஆள் இருக்கிறது என்ற தைரியத்திலேயே சில விஷயங்கள் கைநழுவிவிடுகின்றன. வண்டியைப் படம் எடுத்ததிலும் அதுதான் நடந்தது. நான் வலது பக்கம் நின்று நாலைந்து படம் எடுத்தேன். வண்டியைச் சுற்றி வீடியோ எடுப்பது என் வேலை என்று அவர் நினைத்திருக்கிறார். நான் அது அவர் வேலை என்று நினைத்தேன்.

அடுத்தது லைசன்ஸ். இது நம் ஊர்க்காரர்கள் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போயிருந்தோம். கடைக்காரப் பெண்மணி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஓகே, போலீஸ் ஓகே” என்றார். அது பொய். இந்தியா கொடுக்கும் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி ஆனது. வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படி கொடுக்கப்பட்டதை. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலச் சின்னப் புத்தகம்தான், ஆனால் நம்முடையது அங்கே செல்லாது. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், செல்லாத லைசன்ஸோடு ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடும் கைவிரித்துவிடும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் அதலபாதாளம் என்று இருக்கும் அந்த மலைப்பாதையில் நான்கு நாள் நாங்கள் அப்படித்தான் போயிருக்கிறோம். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

பாதை மட்டும் என்ன ஒரு அழகு! அதைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊருக்கு நான் செய்யும் துரோகம். மா பி லெங் கணவாயில் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தால், நோ குவே ஆறு பச்சை நூல் மாதிரி ஓடுகிறது. 1959 தொடங்கி 1965 வரை மலைவாழ் மக்கள் கைக்கருவிகளோடு வெட்டிய சாலை அது. அந்தக் கணவாய்ப் பகுதியில் கயிற்றில் தொங்கிக்கொண்டே பாறையை உடைத்திருக்கிறார்கள். வழியில் நாங்கள் தங்கிய வீடுகளில் ஒருவர்கூட எங்களிடம் ஒரு டாங் கூடுதலாகக் கேட்கவில்லை. நான் குறை சொல்வது அந்த ஒரு கடையைத்தான்.

நான்காம் நாள் மதியம் குவான் பா தாண்டியதும் போலீஸ் கைகாட்டி நிறுத்தியது. அனுமதிப் புத்தகத்தைத் திறந்து, 1949 என்ற எண்ணில் விரலை வைத்துக் காட்டினார் அதிகாரி. 15 லட்சம் டாங் அபராதம், ரசீதோடு. 2025 ஜனவரி முதல் அபராதத்தை இன்னும் ஏற்றியிருக்கிறார்கள்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறு. எட்டு மணிக்கு ஹனோய் பஸ், மறுநாள் விமானம். பஸ் டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்ததே அந்தப் பெண்மணிதான், அதனால் எங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

டார்ச் லைட்டோடு ஒரு பையன் வந்தான். வலது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக இடது பக்கம் போய்க் குனிந்து, ஃபுட்ரெஸ்ட்டுக்குக் கீழே வெளிச்சம் அடித்தான். விரல் நீளத்துக்கு ஒரு கீறல், பக்கத்தில் லேசாக நெளிந்த கம்பி. நானும் உட்கார்ந்து பார்த்தேன். கீறலுக்குள் துரு பிடித்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன், செந்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. நான்கு நாளில் அப்படித் துரு ஏறாது. விரலை அந்தப் பெண்மணியின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினேன். அவர் தன் போனில் எதையோ தட்டி எங்கள் பக்கம் திருப்பினார். “பாகம் மாற்ற வேண்டும். 60 லட்சம்.”

படம் இருக்கிறதா என்று கேட்டார். என் போனில் இருந்ததெல்லாம் வலது பக்கம்.

அப்புறம் ஒரு மணி நேரம் பேரம். போலீஸைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தோம். சிரித்துக்கொண்டே, “லைசன்ஸ்?” என்றார். அந்த ஒரு வார்த்தையில் நாங்கள் அடங்கிப்போனோம். பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு வர முடியுமா? தொலைந்துவிட்டது என்றால் போலீஸ் புகார், ஹனோயில் இந்தியத் தூதரகம் கொடுக்கும் அவசரச் சான்றிதழ், அதன் மேல் வியட்நாமை விட்டு வெளியேற விசா என்று நாள்கணக்கில் அலைய வேண்டும். 35 லட்சத்தில் பேரம் முடிந்தது. டிராயரைத் திறந்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பாஸ்போர்ட் கட்டு இருந்தது, எல்லா நிறத்திலும். அதிலிருந்து எங்களுடையதை உருவிக் கொடுத்தார்.

நம் பாஸ்போர்ட் சட்டப்படி இந்திய அரசின் சொத்து. எந்தக் கடைக்காரருக்கும் அதை அடகாகப் பிடித்து வைக்க உரிமை கிடையாது, கொடுக்க நமக்கும் உரிமை கிடையாது. விடுதிப் பதிவுக்குப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், எடுத்ததும் கையோடு திரும்ப வாங்குங்கள். பைக்குக்கு முன்பணமாக டாங் வாங்கிக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன, அந்த மாதிரிக் கடையைத் தேடிப் போங்கள். வண்டியைச் சுற்றி, அடிப்பக்கம் உட்பட, கடைக்காரர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். யார் எடுப்பது என்று உங்களுக்குள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்திய லைசன்ஸ் மட்டும் கையில் இருந்தால் ஹா ஜியாங்கில் ஓட்டவே வேண்டாம். அங்கே ‘ஈஸி ரைடர்’ என்று உள்ளூர் ஓட்டுநர்கள் கிடைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பைக், நாம் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். செலவு கூடுதல்தான், ஆனால் நாங்கள் அபராதத்துக்கும் கீறலுக்கும் கொடுத்த 50 லட்சத்தை அதில் போட்டிருந்தால் நல்ல பங்கு அடங்கியிருக்கும்.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது உள்ளே ஒரு இளம் ஜோடி வந்தது, இருவர் முதுகிலும் பெரிய பை. அந்தப் பெண்மணி கையை நீட்ட, இருவரும் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார்கள். நான் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, நடந்ததை இரண்டே வரியில் சொன்னேன். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பி, போட்டோ எடுத்துக்கொண்டு உடனே கொடுங்கள் என்று போனைக் காட்டிக் கேட்டாள். கடைக்காரப் பெண்மணி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டையும் படம் எடுத்தார், எடுத்த கையோடு மேசை மேல் திருப்பி வைத்துவிட்டார்.