படுத்துக் கிடந்த வீட்டுக் காணொளிகளை நிமிர்த்திய அனுபவம்

2009-இல் வாங்கிய டிஜிட்டல் கேமராவில் தொடங்கி இன்றைய கைப்பேசி வரை எங்கள் வீட்டில் சேர்ந்த காணொளிகளில் முந்நூறுக்கும் மேற்பட்டவை படுத்த வாக்கில் இருந்தன. மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ளும் குழந்தை சுவரில் ஒட்டிய பல்லியைப் போலத் தெரியும். அம்மா கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு வலிக்கிறது என்று எழுந்து போய்விடுவார். இவற்றை நிமிர்த்தும் வேலையை 2014-இல் தொடங்கினேன். இடையில் நான் செய்த தவறுகள் சில இன்றைக்கும் திருத்த முடியாதவையாக இருப்பதால், எது பயன்பட்டது, எது கெடுத்தது என்பதை எழுதுகிறேன்.

முதல் தவறே பெரிய தவறு. அப்போது இலவசமாகக் கிடைத்த ஓர் எளிய தொகுப்பு மென்பொருளில் காணொளியைத் திறந்து, 90 பாகை திருப்பி, சேமித்துவிட்டு, இடம் போதவில்லை என்று மூலக் கோப்பை அழித்துவிட்டேன். அந்த மென்பொருள் தொலைக்காட்சிக்கு ஏற்ற அகலச் சட்டத்துக்குள் நெட்டுப் படத்தைச் சுருக்கி வைத்து, இரு புறமும் கறுப்புப் பட்டைகளைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிட்டது என்பதை நான் கவனிக்கவில்லை. 1080 புள்ளி அகலமும் 1920 புள்ளி உயரமும் இருக்க வேண்டிய படம், ஏறத்தாழ 607 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமுமாகக் குறுகிப்போனது. அதாவது, மூலப் படத்தின் புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சின. போதாக்குறைக்கு, எடுத்த தேதியும் அழிந்து, எல்லாக் கோப்புகளும் நான் திருத்திய நாளில் பிறந்தவையாகிவிட்டன.

கைப்பேசியில் எடுத்த காணொளிகளில் பெரும்பாலானவற்றுக்குப் படத்தையே திருப்ப வேண்டிய தேவை இல்லை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. கைப்பேசியை எப்படிப் பிடித்தாலும் அதன் உணரி பொதுவாக ஒரே வாக்கில்தான் படத்தைப் பதிவு செய்கிறது. ஓடவிடும்போது இத்தனை பாகை திருப்பிக் காட்டு என்னும் குறிப்பு மட்டும் எம்பி4 கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்படுகிறது. அந்தக் குறிப்பு தவறாக இருந்தால் படம் படுத்துக்கொள்ளும். அதை மட்டும் மாற்றினால் போதும். படத்தின் ஒரு புள்ளியும் தொடப்படாது, தரம் சிறிதும் குறையாது.

இதற்கு நான் பயன்படுத்துவது எக்ஸிஃப்டூல் என்னும் இலவச மென்பொருள். ரொட்டேஷன் என்னும் மதிப்பை 0, 90, 180, 270 ஆகியவற்றில் ஒன்றாக மாற்றச் சொன்னால் சில நொடிகளில் வேலை முடிகிறது. பழைய கோப்பையும் வேறு பெயரில் தானாகவே எடுத்து வைக்கிறது. 2014-இல் இது தெரிந்திருந்தால் எத்தனையோ இரவுகள் மிச்சமாகியிருக்கும். பொத்தான்கள் இல்லாமல் கட்டளை தட்டச்சு செய்ய வேண்டியிருப்பது மட்டுமே குறை. அதற்குத் தயங்குபவர்கள் லாஸ்லெஸ்கட் மென்பொருளில் உள்ள திருப்பும் பொத்தானைப் பயன்படுத்தலாம்; அதுவும் குறிப்பைத்தான் மாற்றுகிறது. விஎல்சி என்னும் காணொளி ஓட்டியில் உள்ள திருப்பும் வசதி பார்ப்பதற்கு மட்டுமே உதவும். கோப்பில் எதுவும் மாறாது. இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

ஆனால் குறிப்பை எல்லாக் கருவிகளும் மதிப்பதில்லை. கணினியில் நிமிர்ந்து நின்ற காணொளியைப் பென் டிரைவில் போட்டு எங்கள் வீட்டுப் பழைய தொலைக்காட்சியில் செருகினால் மறுபடியும் படுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட கருவிக்கும், 2009-இன் கேமரா தந்த ஏவிஐ கோப்புகளுக்கும் படத்தையே திருப்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஏனெனில் ஏவிஐ வகையில் இத்தகைய குறிப்பை எழுதுவதற்கான முறையான இடமே கிடையாது. இந்த வேலைக்கு, கட்டளைகளால் இயங்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளைப் போல வேறொன்றை நான் காணவில்லை. அதில் படத்தை மாற்றும் வசதிகளை வடிகட்டிகள் என்கிறார்கள்; டிரான்ஸ்போஸ் என்னும் வடிகட்டிக்கு 1 என்று கொடுத்தால் வலப்புறமாகவும், 2 என்று கொடுத்தால் இடப்புறமாகவும் 90 பாகை திருப்பும். திருப்பிய படத்தை எச்.264 என்னும் சுருக்க முறையில் மறுபதிவு செய்யும்போது, தரத்தைத் தீர்மானிக்கும் சிஆர்எஃப் எண்ணை (எண் குறைந்தால் தரம் கூடும்) இயல்பான 23-இல் விடாமல் 18-க்குக் குறைத்துக்கொள்கிறேன். கோப்பு பெருத்தாலும் முகங்கள் மழுங்குவதில்லை. எடுத்த தேதி அழியாமலிருக்க, மூலக் கோப்பின் விவரங்களை அப்படியே கொண்டுபோகும்படி தனியாகக் கட்டளையிட வேண்டும். இன்னொன்று: கோப்பில் ஏற்கெனவே குறிப்பு இருந்தால் எஃப்எஃப்எம்பெக் அதைப் படித்துத் தானாகவே திருப்பிவிடும். அதன் மேல் நானும் திருப்பியதில், படுத்திருந்த என் மைத்துனர் மறுபுறமாகப் படுத்துக்கொண்டார்.

அதிகம் வாட்டியவை பழைய ஹேண்டிகேமில் மினி டிவி (DV) என்னும் சிறு டிஜிட்டல் நாடாவில் எடுத்தவை. புகைப்படக் கேமரா என்று எண்ணிக்கொண்டு யாரோ அதைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்திருந்தார்கள். அந்தப் படங்களில் ஒவ்வொரு சட்டமும் (ஃபிரேம்) ஒற்றைப்படை வரிகளாகவும் இரட்டைப்படை வரிகளாகவும் இரு வேறு கணங்களில் பதிவானது. அதை அப்படியே திருப்பினால் வரிகள் செங்குத்துக் கோடுகளாகி, கையசைக்கும் இடமெல்லாம் சீப்புப் பற்களைப் போலத் தெரிகிறது. அதற்குப் பிறகு எந்த ஓட்டியாலும் அதைச் சரிசெய்ய இயலவில்லை. முதலில் எஃப்எஃப்எம்பெக்கின் யாடிஃப் வடிகட்டியால் வரிகளை ஒன்றுசேர்த்துவிட்டு அதன் பிறகே திருப்ப வேண்டும் என்னும் வரிசை, மூன்று நாடாக்களைக் கெடுத்த பிறகுதான் பிடிபட்டது. நல்லவேளையாக, அப்போது நாடாக்களை எறியாமல் இருக்கும் அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

இன்றும் புதிய கைப்பேசியில் அவ்வப்போது ஒன்றிரண்டு படுத்துத்தான் வருகின்றன. பாயில் குப்புற விழப் பழகும் குழந்தையையோ வாசல் கோலத்தையோ நேர் மேலிருந்து எடுப்பவையே அவற்றில் மிகுதி. கைப்பேசி புவியீர்ப்பின் திசையை வைத்தே மேல் கீழ் அறிகிறது. தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் பிடிக்கும்போது அதற்கு எந்தப் பக்கமும் மேல் இல்லை. ஆகவே நேராகப் பிடித்துப் பதிவைத் தொடங்கிவிட்டு, பிறகு மெல்லக் கவிழ்க்கும்படி வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். மனைவி கேட்கிறார், மகன் கேட்பதில்லை.

பதிவின் நடுவில் கைப்பேசியைத் திருப்பிவிட்ட காணொளிகள் இன்னொரு வகை. திருப்பும் குறிப்பு கோப்பு முழுமைக்கும் ஒன்றுதான் என்பதால், ஒரு பாதியை நிமிர்த்தினால் மறு பாதி படுத்துவிடும். தங்கை திருமணத்தில் தாலி கட்டும் நேரத்தில் சித்தப்பா அப்படித் திருப்பியிருந்தார். லாஸ்லெஸ்கட்டில் அதை இரண்டாக வெட்டி, பின்பாதிக்கு மட்டும் தனிக் குறிப்புக் கொடுத்தேன். மறுபதிவு செய்யாமல் வெட்டும்போது படம் முழுமையாகப் பதிந்த சட்டத்திலிருந்துதான் துண்டு தொடங்க முடியும் என்பதால், இரண்டாம் கோப்பின் முதல் ஒன்றரை நொடி மட்டும் மணமேடை சாய்ந்திருக்கிறது. அந்த ஒன்றரை நொடிக்காக முழுவதையும் மறுபதிவு செய்ய மனமில்லாமல் அப்படியே வைத்திருக்கிறோம்.