“ஈசியூ மெமரி போச்சு” என்று புது போர்டு விற்கிறார்கள்: பணம் கொடுக்கும் முன் இதைச் சோதியுங்கள்

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்ஷனுக்கு மாற்றிய ஒரு பழைய மாருதி எஸ்டீம். பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் சிறு கணினியான ஈசியூவாக இருப்பது, ஆர்டுயினோ மெகா 2560 என்ற போர்டின் மேல் ஓடும் ஸ்பீடுயினோ. “டியூனிங் நிக்க மாட்டேங்குது, மெமரி போச்சு” என்று சொல்லி அந்த வண்டிக்கு இரண்டு முறை புது போர்டு விற்றிருக்கிறார்கள். கழற்றிய இரண்டு போர்டுகளையும் மேஜையில் வைத்துச் சோதித்தால், எழுதியதை எழுதியபடியே வைத்திருக்கின்றன. குறை போர்டில் இல்லை. டியூனர் பர்ன் செய்யவில்லை, அதாவது மாற்றத்தை நிலையாகப் பதியவில்லை. வயரிங்கிலும் ஒரு தவறு. அவ்வளவுதான்.

இதே பேச்சைப் பல வண்டிக்காரர்கள் கேட்டு வருவதால் விவரமாக எழுதுகிறோம்.

ஈசியூவை டியூன் செய்யும் லேப்டாப் மென்பொருள் டியூனர்ஸ்டூடியோ. அதில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் வி.இ. டேபிளில் ஒரு கட்டத்தை மாற்றினால் அந்த எண் ஈசியூவின் ரேமுக்குத்தான், அதாவது தற்காலிக மெமரிக்குத்தான் போகிறது. என்ஜின் அந்த நொடியே அதற்கேற்ப ஓடும், அதனால் வேலை முடிந்ததுபோலத் தெரியும். பர்ன் செய்தால்தான் அது மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராமில் பதியும். ஃபைல் மெனுவில் இருக்கும் சேவ் வேறு சங்கதி. அது டியூனிங் எண்களை எல்லாம் லேப்டாப்பில் எம்.எஸ்.க்யூ என்ற கோப்பாகச் சேமிக்கிறது, ஈசியூவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சேவ் கொடுத்துவிட்டு பர்ன் செய்யாமல் வண்டியை அனுப்பினால், சாவியை அணைத்ததும் ரேம் காலி. மறுநாள் காலை பழைய மேப்பில்தான், அதாவது பழைய எண்களில்தான் ஸ்டார்ட் ஆகும்.

அப்படியானால் ஒர்க் ஷாப்பில் சாவியை அணைத்துப் போட்டுக் காட்டியபோது எல்லாம் சரியாக இருந்ததே என்று கேட்பீர்கள். ஏமாறுகிற இடம் அதுதான். மெகா போர்டு யூ.எஸ்.பி. கேபிள் வழியாகவும் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கேபிள் செருகியிருக்கும்வரை சாவியை அணைத்தாலும் போர்டு அணையாது, ரேமில் இருப்பது அப்படியே இருக்கும். வண்டி வீட்டுக்குப் போய், மேப் மாறிவிட்டது என்று திரும்ப வந்தால், அதே லேப்டாப்பைச் செருகுவார்கள். லேப்டாப் கோப்புக்கும் ஈசியூவுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று திரையில் ஒரு பட்டியல் வரும். லேப்டாப்பில் உள்ளதை ஈசியூவுக்கு அனுப்பு என்று அழுத்தினால் மறுபடி எல்லாம் சரி, ரேமில் மட்டும். மூன்றாவது முறை வரும்போதுதான் “போர்டு போச்சு” என்கிறார்கள். புது போர்டில் கோப்பை முழுதாக ஏற்றி ஒருமுறை பர்ன் செய்வதால் அது நிற்கும். வாடிக்கையாளருக்கும் போர்டுதான் குறை என்ற நம்பிக்கை வந்துவிடும். அடுத்து ஏ.சி. போட்டால் ஐட்லிங் இறங்குகிறது என்று ஏதாவது திருத்தினால் பழைய கதை திரும்பவும் தொடங்கும்.

எனவே, புது போர்டு என்ற பேச்சு வந்தால் பணம் எடுக்கும் முன், உங்கள் கண் முன்னாலேயே இதைச் செய்யச் சொல்லுங்கள். என்ஜின் ஓடக் கூடாது, சாவி மட்டும் ஆன். என்ஜினைப் பாதிக்காத ஒரு எண்ணை மாற்றவும். ரேடியேட்டர் ஃபேன் ஆன் ஆகும் வெப்பநிலை இதற்கு வசதி: 95 இருந்தால் 96 ஆக்குங்கள். பர்ன் அழுத்துங்கள். உடனே அணைக்க வேண்டாம், பத்து நொடி பொறுங்கள். மெகாவின் ஈஈப்ராமில் ஒரு பைட் எழுத 3 மில்லி நொடிக்கு மேல் ஆகும் என்பதால் ஈசியூவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர், மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதாது, துண்டு துண்டாகத்தான் எழுதும். பிறகு டியூனர்ஸ்டூடியோவை மூடி, யூ.எஸ்.பி. கேபிளை உருவி, சாவியை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். திரும்பச் சாவி போட்டு, முடிந்தால் வேறொரு லேப்டாப்பில், புது ப்ராஜெக்ட் திறந்து, ஈசியூவில் உள்ளதை எடு என்று கொடுத்துப் பாருங்கள். அதே லேப்டாப்பில் பார்ப்பதானால் வித்தியாசப் பட்டியல் வரும்போது எந்தப் பொத்தான் அழுத்தப்படுகிறது என்று கவனியுங்கள்.

96 வந்தால் மெமரி நன்றாக இருக்கிறது, யாரும் உங்களுக்குப் போர்டு விற்க வேண்டியதில்லை. 95 வந்தால் அப்போதும் போர்டைக் குற்றம் சொல்லிவிட முடியாது. மெகாவை வண்டியிலிருந்து கழற்றி, யூ.எஸ்.பி.யில் மட்டும் இணைத்து, அதே சோதனையை மேஜையில் செய்யுங்கள். இப்போது ரீசெட் பொத்தானை அழுத்தியோ கேபிளை உருவிச் செருகியோ பார்க்கலாம். மேஜையில் நின்றால் குறை வண்டியின் மின் இணைப்பில். சம்பந்தமில்லாத இடங்களில் தாறுமாறான எண்கள் தெரிந்தால் ஃபர்ம்வேரும், எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது என்று டியூனர்ஸ்டூடியோவுக்குச் சொல்லும் லேப்டாப்பின் ஐ.என்.ஐ. கோப்பும் ஒரே பதிப்புதானா என்று பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்று டியூனர்ஸ்டூடியோ எச்சரிக்கும்போது அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தால், ஒரு எண் இன்னொரு எண்ணின் இடத்தில் போய் உட்காரும்.

வயரிங் குறைகளில் முதலில் பார்க்க வேண்டியது, ஈசியூவுக்கு 12 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பது. மேலே சொன்ன எஸ்டீமில் ரேடியோவுக்குப் போகும் ஆக்சசரி வயரிலிருந்து எடுத்திருந்தார்கள். பல கார்களில் செல்ஃப் அடிக்கும்போது அந்த வயரில் மின்சாரம் நின்றுவிடும். ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் ஈசியூ ரீசெட் ஆகும், பர்ன் ஆகாத மாற்றம் போய்விடும். கேபிள் செருகியிருந்தால் இதுவும் தெரியாது. சாவி ஆன் நிலையிலும் செல்ஃப் நிலையிலும் மின்சாரம் இருக்கும் இக்னிஷன் வயரால் ஒரு ரிலேயை இயக்கி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராக ஈசியூவுக்குக் கொடுக்க வேண்டும்.

பிறகு மல்டிமீட்டரை மின்-மேக்ஸ் நிலையில் வைத்து மெகாவின் 5 வோல்ட் பின்னில் பிடித்து, கேபிள் இல்லாமல் செல்ஃப் அடியுங்கள். 4.9-லிருந்து 5.1 வரை இருக்க வேண்டும். 4.5-க்குக் கீழே போவதை விடவே கூடாது. மெகாவில் உள்ள சிப் 16 மெகாஹெர்ட்ஸில் ஒழுங்காக ஓடக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். ஆனால் போர்டின் குறைமின் பாதுகாப்பு 2.7 வோல்ட்டில்தான் அதை நிறுத்தும். இடைப்பட்ட வோல்டேஜில் சிப் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஈஈப்ராமில் எழுதிக்கொண்டிருந்தால் மேப் கெட்டுப்போகலாம். பேட்டரியின் மைனஸ் முனைக்கும் ஈசியூ எர்த்துக்கும் இடையே, என்ஜின் ஓட, ஹெட்லைட்டும் ஃபேனும் எரிய, 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஈசியூவின் எர்த் வயர்கள் எல்லாம் என்ஜின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் சேர வேண்டும், பெயின்ட் சுரண்டிய இடத்தில்.

என்ஜின் ஓடும்போது மட்டும் லேப்டாப் இணைப்பு அறுந்து, பர்ன் போய்ச் சேராத வண்டிகளும் உண்டு. பிளக்கைப் பாருங்கள். என்.ஜி.கே. பி.பி.ஆர்.6.இ.எஸ். என்பதில் வரும் ‘ஆர்’ ரெசிஸ்டரைக் குறிக்கும். பி.பி.6.இ.எஸ். போட்டிருந்தால் அதில் ரெசிஸ்டர் கிடையாது. அந்த ஸ்பார்க் கிளப்பும் மின் இரைச்சல் யூ.எஸ்.பி. இணைப்பைத் துண்டிக்கலாம்.

“அடிக்கடி எழுதி எழுதி மெமரி தேஞ்சு போச்சு” என்பதையும் நம்ப வேண்டாம். அந்த ஈஈப்ராம் ஒரு இடத்தில் 1,00,000 முறை எழுதுவதைத் தாங்கும். நாளைக்கு 50 முறை பர்ன் செய்தாலும் 2,000 நாள், ஐந்து ஆண்டுக்கு மேல். அதிலும் மாறிய பைட்டை மட்டும்தான் ஃபர்ம்வேர் எழுதுகிறது.

உண்மையிலேயே போர்டு போகிற வண்டியும் இருக்கிறது, மறுக்கவில்லை. மேஜையிலும் நிற்கவில்லையென்றால் ஈஈப்ராமை முழுதாக அழித்து, ஸ்பீடிலோடர் என்ற மென்பொருளால் ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றி, கோப்பைப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் மெகாவை மட்டும் மாற்றினால் போதும், அது கீழே செருகிக் கழற்றும் தனிப் போர்டு. முழு ஈசியூ விலை கேட்பதற்கு நியாயமே இல்லை. கழற்றிய போர்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மெகாவை மாற்றினாலோ ஈஈப்ராமை அழித்தாலோ ஒன்றை மறக்கக் கூடாது. கூலன்ட் சென்சார், காற்று வெப்பநிலை சென்சார், ஓ2 சென்சார் இவற்றின் காலிபரேஷன் எம்.எஸ்.க்யூ கோப்பில் வராது. டூல்ஸ் மெனுவில் போய்த் தனியாக எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் கோப்பு சரியாக ஏறியும் என்ஜின் குளிரில் தடுமாறும், “டியூன் நிக்கல” என்று மறுபடி அதே பேச்சு வரும். சென்சார் வகையைத் தேர்ந்த பிறகு பயாஸ் ரெசிஸ்டர் 2,490 ஓம் என்று இருக்கிறதா பாருங்கள். அடுத்து டைமிங் லைட், ஸ்பார்க் எந்த டிகிரியில் வருகிறது என்று காட்டும் விளக்கு. இக்னிஷனை 10 டிகிரியில் நிலைநிறுத்தி, கிராங்க் புல்லியில் அதே 10 தெரிகிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். கிராங்க் நிலையை ஈசியூ கணக்கிட உதவும் ட்ரிக்கர் ஆங்கிள் பழைய எண்ணுக்குப் போயிருந்தால் திரையில் ஒன்று, என்ஜினில் ஒன்று நடக்கும். லோடில் நாக்கிங் வந்து பிஸ்டன் போனால் போர்டின் விலை எல்லாம் சிறிய கணக்கு.

கம்பெனி ஈசியூவை ஓ.பி.டி. என்ற டயக்னாஸ்டிக் சாக்கெட் வழியாக ரீமேப் செய்கிற இடங்களிலும் எழுதாமலே பணம் வாங்குவது நடக்கிறது. வேலைக்கு முன்னும் பின்னும் சாதாரண ஸ்கேனரில் வண்டி விவரம் காட்டும் மோடு 09 திறந்து, மேப்பின் அடையாள எண்ணான கால் ஐ.டி.யையும், மேப்பைச் சரிபார்க்கும் சி.வி.என். என்ற எட்டு இலக்கக் குறியீட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். மேப் மாறினால் பெரும்பாலும் சி.வி.என். மாறும். மாறவில்லையென்றால் முடிவாகிவிடாது, பழைய எண்ணையே காட்டும்படி செய்யவும் வழியுண்டு. ஆனாலும் விளக்கம் கேட்க அது போதுமான காரணம். மோடு 09-இல் இதைக் காட்டாத பழைய கார்களில், எழுதிய பிறகு ஈசியூவைத் திரும்பப் படித்து, ஒரிஜினல் கோப்பையும் மாற்றிய கோப்பையும் பென்டிரைவில் தரச் சொல்லுங்கள்.

ஸ்பீடுயினோ வண்டியானால் பாக்கிப் பணம் கொடுக்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை: எம்.எஸ்.க்யூ கோப்பு, ஃபர்ம்வேர் பதிப்பு எண், அதற்குரிய ஐ.என்.ஐ. கோப்பு, கடைசி ஓட்டத்தின் பதிவான டேட்டாலாக். கோப்பின் பெயரில் தேதி இருக்கட்டும். கேபிளை உருவிவிட்டு இரண்டு முறை செல்ஃப் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.