பெர்னார்டோ வழியா, ஃபெலிக்ஸ் வழியா? பென்ஃபிகாவை விட்டுக் கிளம்பும் இரண்டு விதம்

போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்து கால்பந்து கிளப் பென்ஃபிகாவில் தலையெடுக்கும் 19, 20 வயதுப் பையனுக்கு ஊரை விட்டுக் கிளம்ப இரண்டு வழி உண்டு. சின்ன விலைக்கு நடுத்தர கிளப் ஒன்றுக்குப் போய், இரண்டு மூன்று சீசன் முழுசாக ஆடிவிட்டு, அங்கிருந்து பெரிய இடத்துக்கு நகர்வது ஒன்று. யாராவது ரிலீஸ் கிளாஸ் தொகையை (இதைக் கொடுத்தால் வீரரை விட்டாக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும் விலை) அப்படியே எடுத்து வைத்து நேராகத் தூக்கிக்கொண்டு போவது இன்னொன்று. முதலாவதற்கு பெர்னார்டோ சில்வா, இரண்டாவதற்கு ஜோவாவ் ஃபெலிக்ஸ். இருவருக்கும் ஏஜென்ட் ஜோர்ஜ் மென்டெஸ்தான். இருவருமே எதிரணியின் மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் பந்து வாங்கித் திரும்பத் தெரிந்தவர்கள். அதனால் ஒப்பிடலாம்.

என் ஓட்டு பெர்னார்டோ வழிக்கு. கோப்பைக் கணக்கைப் பார்த்தால் இதில் விவாதமே இல்லை. மான்செஸ்டர் சிட்டியில் ஆறு பிரீமியர் லீக், ஒரு சாம்பியன்ஸ் லீக், அதற்கு முன் மொனாக்கோவில் ஒரு பிரெஞ்சு லீக் என்று ஒரு பக்கம். பென்ஃபிகாவில் ஒன்று, அத்லெடிகோ மாட்ரிட்டில் ஒன்று என இரண்டு லீக் பட்டங்கள் மறுபக்கம். ஆனால் கோப்பை அணிக்குக் கிடைப்பது, அதை வைத்து ஒருவர் தேர்ந்தெடுத்த வழி சரியா என்று சொல்லிவிட முடியாது. நான் பார்ப்பது வேறு: முதல் டிரான்ஸ்ஃபரில் எழுதப்படும் விலை, அடுத்த டிரான்ஸ்ஃபரை என்ன செய்கிறது என்பது.

பெர்னார்டோ கதை சுருக்கமானது. 2013-14 சீசனில் பென்ஃபிகா சீனியர் அணிக்கு அவர் ஆடியது மொத்தமே மூன்று மேட்ச். அந்த வருடம் பயிற்சியாளர் ஜோர்ஜ் ஜீசஸ் லீக், போர்ச்சுகல் கோப்பை, லீக் கோப்பை மூன்றையும் அள்ளினார். ஓரங்களில் சால்வியோ, கைடான், மார்கோவிச் என்று ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பையனை பயிற்சியில் லெஃப்ட் பேக்காகக்கூட (இடது ஓர டிஃபென்டர்) நிறுத்திப் பார்த்தார் ஜீசஸ். 2014 ஆகஸ்டில் மொனாக்கோவுக்கு லோன், அதாவது தற்காலிக இரவல். பாதி சீசன் முடிந்த கையோடு, 2015 ஜனவரியில், 1.575 கோடி யூரோவுக்கு அவர்களே வாங்கிக்கொண்டார்கள். பயிற்சியாளர் லியோனார்டோ ஜார்டிம், அவரும் போர்ச்சுகல்காரர். அணி 4-4-2, அதாவது நாலு டிஃபென்டர், நாலு மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்ட்ரைக்கர். பெர்னார்டோ வலது பக்கம், இடது கால்காரர் என்பதால் உள்ளே வெட்டி வருவார். அவர் காலி செய்த ஓரத்தில் ஃபுல் பேக் (ஓர டிஃபென்டர்) ஏறுவார். 2016-17இல் ஃபால்காவ், எம்பாப்பே முன்னால் நிற்க, இடதில் லெமார், வலதில் இவர் என்று அந்த அணி லீக்கில் மட்டும் 107 கோல் அடித்து 95 புள்ளியுடன் பட்டம் வாங்கியது. சாம்பியன்ஸ் லீக்கில் சிட்டியையே வெளியேற்றி செமிஃபைனல் வரை போனது. சீசன் முடிந்த கையோடு, 2017 மே 26 அன்று, சிட்டி அவரை 5 கோடி யூரோவுக்கு வாங்கியது.

முதல் சீசனிலேயே சிட்டியில் அவருக்கு இடம் கிடைத்துவிடவில்லை. 2017-18இல் 35 லீக் மேட்ச் ஆடினார், பாதிக்கு மேல் மாற்று வீரராக. அடுத்த வருடம் டி பிராய்னா காயத்தில் விழுந்தபோது நடுவில் இறங்கினார். 2019 ஜனவரியில் லிவர்பூலுக்கு எதிராக ஒரே மேட்சில் 13.7 கிலோமீட்டர் ஓடினார். பொறுத்திருக்க முடிந்ததற்கு ஒரு காரணம் விலைதான். 5 கோடிக்கு வந்த ஆளை ஒரு வருடம் பெஞ்சில் வைத்துப் பழக்கலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இப்போது ஃபெலிக்ஸ். போர்ட்டோவின் இளைஞர் அணியிலிருந்து 15 வயதில் பென்ஃபிகாவுக்கு வந்தவர். 2018 ஆகஸ்டில் சீனியர் அறிமுகம். 2019 ஜனவரியில் பயிற்சியாளர் ரூயி விட்டோரியா போய் புரூனோ லாஜ் பொறுப்பேற்றதும் அணி 4-4-2க்கு மாறியது. செஃபெரோவிச்சுக்குப் பின்னால் இரண்டாவது ஸ்ட்ரைக்கராக ஃபெலிக்ஸ். அது அவருக்கென்றே அளவெடுத்த இடம். அந்த சீசன் லீக்கில் 26 மேட்ச், 15 கோல். யூரோப்பா லீக்கில் ஐன்ட்ராக்ட் பிராங்பர்ட்டுக்கு எதிராக ஹாட்ரிக், வயது 19. லீக் பட்டமும் வந்தது. ஜூலையில் அத்லெடிகோ 12.6 கோடி யூரோ கொடுத்தது. கிளாஸ் 12 கோடி, மேலே உள்ள 60 லட்சம் தவணையில் கட்டுவதற்கான செலவு. ஒப்பந்தம் ஏழு வருடம். அதே மாதம் அத்லெடிகோவின் கிரீஸ்மான் 12 கோடிக்கு பார்சிலோனா போனார், ஆக வந்த பணம் அப்படியே போனது.

அத்லெடிகோ பயிற்சியாளர் சிமியோனேவின் அணியில் ஃபெலிக்ஸ் பொருந்தவில்லை என்பது ஊரறிந்த விஷயம். பந்து இல்லாதபோது 40, 50 மீட்டர் பின்னால் ஓடி வந்து வரிசையில் நிற்க வேண்டிய அணி அது. ஃபெலிக்ஸின் பலம் பந்து தன் அணியிடம் இருக்கும்போதுதான். இடையில் கணுக்கால் பிரச்சினை, 2021 கோடையில் அறுவை சிகிச்சை. இதெல்லாம் எந்த இளைஞனுக்கும் நடக்கக்கூடியதுதான். பொருந்தாத ஆளை வேறு கிளப்புக்கு விற்றுவிடுவார்கள், அவனும் புதிதாகத் தொடங்குவான். ஃபெலிக்ஸ் விஷயத்தில் அந்த விற்பனைதான் நடக்க முடியாமல் போனது. அதற்குக் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்.

ஐரோப்பிய கிளப்புகள் வீரருக்குக் கொடுத்த டிரான்ஸ்ஃபர் தொகையை ஒப்பந்த வருடங்களில் பிரித்துச் செலவெழுதும். 12.6 கோடியை ஏழால் வகுத்தால் வருடத்துக்கு 1.8 கோடி. கழியாமல் மிச்சமிருப்பது அந்த வீரரின் புத்தக மதிப்பு. இரண்டு வருடம் முடிந்த 2021 கோடையில் அது 9 கோடி. 2022 கோடையில் 7.2 கோடி. அதற்குக் கீழே ஒரு யூரோ குறைத்து விற்றாலும் வித்தியாசம் அந்த வருடத்து நஷ்டமாக உட்காரும். லா லிகா ஒவ்வொரு கிளப்புக்கும் வைக்கும் அணிச் செலவு வரம்பில் சம்பளத்தோடு இந்தக் கழிவும் சேரும், ஆகவே நஷ்டம் எழுதும் துணிச்சல் எந்த இயக்குநருக்கும் வராது. லீக்கில் ஏழு, எட்டு கோல் அடிக்கும் ஆளுக்கு 7 கோடி கொடுக்க வாங்குபவரும் இல்லை. விற்க முடியாது, வைத்துக்கொள்ளவும் விருப்பமில்லை என்றால் மிஞ்சுவது லோன்.

2023 ஜனவரியில் செல்சி. லோன் தொகை 1.1 கோடி யூரோ. கிளம்பும் முன் அத்லெடிகோ ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டி 2027 ஆக்கியது. ஏன் என்று பார்த்தால்: அப்போது மிச்சம் 6.3 கோடி, அதை மூன்றரை வருடத்துக்குப் பதில் நாலரை வருடத்தில் பரப்பினால் வருடக் கழிவு 1.8இலிருந்து 1.4 கோடியாக இறங்கும். அரை சீசனுக்கான கழிவு 70 லட்சம். கைக்கு வந்த லோன் தொகை அதைவிட அதிகம். கிளப்புக்கு அருமையான ஏற்பாடு. வீரருக்கு? முதல் மேட்ச் ஃபுல்ஹாம் மைதானத்தில், 58ஆவது நிமிடத்தில் கென்னி டெட்டே மீது போட்ட டாக்கிளுக்கு ரெட் கார்டு, மூன்று மேட்ச் தடை. ஐந்து மாத லோனில் மூன்று மேட்ச் என்பது பெரிய இழப்பு. 20 மேட்ச், 4 கோல். அதற்குள் பயிற்சியாளர் பாட்டர் போய் லாம்பார்டு வந்திருந்தார்.

அடுத்தது பார்சிலோனா, மீண்டும் லோன். பயிற்சியாளர் சாவி அவரை இடது ஓரத்தில் வைத்தார். 2023 டிசம்பரில் பார்சிலோனாவின் மோன்ஜுயிக் மைதானத்தில் தன் சொந்த கிளப் அத்லெடிகோவுக்கு எதிராகவே ஆடி, வெளியே ஓடி வந்த கோல்கீப்பர் ஓப்லாக் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டு வெற்றி கோல் அடித்தார். ஓடிப்போய் விளம்பரப் பலகை மேல் ஏறிக் கைகளை விரித்து நின்றார். மார்ச்சில் மாட்ரிட்டில் இன்னொன்று. சம்பளத்தைத் தீர்மானிக்கும் கிளப்புக்கு எதிராக இப்படி அடித்தபிறகு அங்கே திரும்பி ஆடுவது எப்படி?

2024 கோடைக்கு வருவோம். பார்சிலோனா போகும் முன் ஒப்பந்தம் மறுபடி 2029 வரை நீட்டப்பட்டதால் வருடக் கழிவு இன்னும் குறைந்து, புத்தக மதிப்பு சுமார் 4.7 கோடி ஆகியிருக்கும். இது கமிஷன் சேர்க்காத தோராயக் கணக்கு. செல்சி சுமார் 5.2 கோடிக்கு வாங்கியது, எதிர்த்திசையில் செல்சி வீரர் கானர் கேலகர் அத்லெடிகோவுக்கு வந்தார். விற்றால் நஷ்டமில்லை என்ற நிலை வர ஐந்து வருடம் ஆனது. பத்தொன்பதிலிருந்து இருபத்துநாலு வயது வரையான ஐந்து வருடம். முதல் விலை 5 கோடியாக இருந்திருந்தால் 2021இலேயே ஏதோ ஒரு இத்தாலிய அணிக்கு அமைதியாக விற்றிருப்பார்கள்.

லோன் என்றாலே கெடுதல் என்று சொல்லவில்லை. பெர்னார்டோவும் மொனாக்கோவுக்கு லோனில்தான் போனார், அதுவும் சீசன் தொடங்கும் தறுவாயில். வித்தியாசம், அந்த லோன் ஐந்தே மாதத்தில் விற்பனையாக முடிந்தது. விலை அதற்கு இடம் கொடுத்தது. ஃபெலிக்ஸின் நகர்வுகளின் தேதியைப் பாருங்கள்: 2023 ஜனவரி; 2023 செப்டம்பர் 1, டிரான்ஸ்ஃபருக்கான கடைசி நாள்; 2024 ஆகஸ்ட் மூன்றாம் வாரம், செல்சி முதல் லீக் மேட்ச் ஆடி முடித்த பிறகு; 2025 பிப்ரவரி, மறுபடி கடைசி நாள், ஏசி மிலானுக்கு லோன். நாலும் சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமைத் தவறவிட்ட நகர்வுகள். விற்க முடியாத சரக்கு கடைசி நாளில்தான் நகரும். பந்து பறிபோனால் யார் எங்கே அழுத்தம் கொடுக்க வேண்டும், எந்தப் பாஸுக்கு யார் உள்ளே ஓட வேண்டும் என்பதெல்லாம் ஜூலை மாதத்தில் பழக்குவது. சீசன் நடுவே மேட்சுக்கும் மேட்சுக்கும் இடையில் இரண்டு நாளில் வீடியோ பார்த்து வருவதில்லை. போதாக்குறைக்கு, செல்சியில் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் இருக்கும் பத்தாம் எண் இடத்தில் கோல் பால்மர் அசைக்க முடியாமல் இருந்தார்.

2023 ஜனவரியிலிருந்து எண்ணினால் பாட்டர், லாம்பார்டு, சாவி, மரெஸ்கா, செர்ஜியோ கொன்செய்சாவ், 2025இல் சவுதி கிளப் அல் நாசரில் ஜோர்ஜ் ஜீசஸ் என்று ஆறு பயிற்சியாளர்கள், இடையில் வந்துபோன தற்காலிக ஆளை விட்டுவிட்டு. பெர்னார்டோவுக்கு மொனாக்கோ சென்ற நாள் முதல் 2025 வரை மொனாக்கோவில் ஜார்டிம், சிட்டியில் குவார்டியோலா என்று இருவர்தான். 2025 ஜூலையில் அல் நாசருக்குப் போனது, அத்லெடிகோவுக்குப் பிறகு ஃபெலிக்ஸ் சீசனுக்கு முன்பே போய்ச் சேர்ந்த முதல் நகர்வு. முதல் லீக் மேட்சிலேயே ஹாட்ரிக். சவுதி லீக்கின் தரம் வேறு என்பதால் அந்த எண்ணிக்கையை ஒரு அளவுக்கு மேல் நம்பவேண்டாம். ஆனால் நேரம் பற்றிய என் வாதத்துக்கு அது இடைஞ்சலாக இல்லை. பெர்னார்டோவுக்கு இடமில்லை என்ற அதே ஜீசஸ்தான் இங்கே பயிற்சியாளராக இருந்தார் என்பது வேடிக்கை.

சரி, ஃபெலிக்ஸ் வழிக்கு ஆதரவாக எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் பயன் பென்ஃபிகாவுக்கு. 1.575 கோடிக்கு விட்ட பெர்னார்டோ சிட்டிக்குப் போனபோது, வளர்த்த கிளப்புக்குரிய ஃபிஃபா பங்காக பென்ஃபிகாவுக்குக் கணக்குப்படி வர வேண்டியது விலையில் ஏறக்குறைய மூன்று சதவீதம், அதாவது 15 லட்சம் யூரோ அளவு. ஃபெலிக்ஸை விற்று பென்ஃபிகா வாங்கியதோடு இதை வைத்துப் பேசவே முடியாது. வீரரின் சம்பளமும் நேராகப் பெரிய கிளப் போனால் சீக்கிரமே உயரும்.

இரண்டே ஆளை வைத்து விதி எழுதவும் கூடாது. பெர்னார்டோவின் குணமும் உடலும் வேறு. 2023 பிப்ரவரியில் ஆர்சனல் மேட்சில் சாகாவுக்கு எதிராக லெஃப்ட் பேக்காக இறங்கச் சொன்னபோது இறங்கினார். ஃபெலிக்ஸ் அதைச் செய்வாரா என்பது சந்தேகமே. என் வாதத்துக்குப் பொருந்தாத உதாரணமும் இருக்கிறது. ரெனாடோ சான்செஸ் 2016இல் 3.5 கோடிக்கு, மேற்கொண்டு வரக்கூடிய போனஸ்களோடு, பென்ஃபிகாவிலிருந்து ஜெர்மனியின் பாயர்னுக்குப் போனார்; பெருந்தொகை என்று சொல்ல முடியாது, அப்படியும் ஸ்வான்சி லோனில் தடுமாறினார். ஆனால் அந்த விலை என்பதால்தான் 2019இல் பிரெஞ்சு கிளப் லீல் அவரைச் சுமார் 2 கோடிக்கு வாங்க முடிந்தது, அங்கே 2020-21 பிரெஞ்சு பட்டமும் வந்தது.

இன்னும் சிக்கலான ஆள் ஜோவாவ் நெவெஸ். 2024இல் 19 வயதில் பென்ஃபிகாவிலிருந்து நேராக பாரிஸ் கிளப் பிஎஸ்ஜி போனார், முதல் சீசனிலேயே சாம்பியன்ஸ் லீக். நடுவில் எந்த மொனாக்கோவும் இல்லை. ஆனால் அவருடைய கிளாஸ் 12 கோடி இருந்தும் பென்ஃபிகா விட்டது 6 கோடிக்கும் சில போனஸுக்கும். மிட்ஃபீல்டில் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே அவருக்கான இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். அதற்கு முந்தைய வருடம் ஏறக்குறைய அதே விலையில் அதே கிளப்புக்குப் போன ஸ்ட்ரைக்கர் கொன்சாலோ ராமோஸ் பெரும்பாலும் பெஞ்சிலிருந்துதான் எழுந்து வந்தார். ஆக பெரிய கிளப் என்பதே தடை இல்லை. இடம் காலியா என்பதும், பொருந்தாவிட்டால் இரண்டு வருடத்தில் விற்கக்கூடிய விலையா என்பதும்தான் கேள்வி.

விலையைப் பேச வீரருக்கு அதிகாரமில்லை என்று சொல்வார்கள். முதல் ஒப்பந்தத்தில் உண்மைதான். ஆனால் கிளாஸ் தொகை வீரர் கையெழுத்து போடும் தாளில்தான் இருக்கிறது. சீனியர் அணிக்கு வந்ததும் சம்பளத்தை உயர்த்தி, கூடவே கிளாஸை 12 கோடிக்கு ஏற்றும் புதுப்பித்தல் வரும்; பேரம் பேச வேண்டிய இடம் அது. பெர்னார்டோ 2023 ஆகஸ்டில் சிட்டியுடன் 2026 வரை நீட்டியபோது, செய்திகளின்படி, 5 கோடி பவுண்டு அளவில் கிளாஸ் எழுதி வாங்கினார். அந்த அணியின் சாம்பியன்ஸ் லீக் செமிஃபைனலில் ரியல் மாட்ரிட்டுக்கு இரண்டு கோல் அடித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.