ஊதினால் கிளம்பும் வண்டி, இறங்கிப்போகும் பேட்டரி: எந்த வைத்தியம் யாருக்கு?

ஒரு ஜனவரி மாதத் திங்கட்கிழமை காலை. டெட்ராய்ட் பக்கம் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் மைனஸ் 14 டிகிரி. மேல்வீட்டுத் தம்பி காருக்குள் உட்கார்ந்து, மூச்சைச் சோதிக்கும் கருவியில் ஊதிக்கொண்டிருந்தான். நான் கண்ணாடியைத் தட்டினேன்.

"அண்ணே, ஊதுனா பாஸ்னு காட்டுது. சாவியத் திருப்புனா டிக் டிக்னு ஒரு சத்தம், அப்புறம் மெஷினே ஆஃப் ஆகி மறுபடி மொதல்லேருந்து ஊதச் சொல்லுது."

நாலு தடவை ஊதிவிட்டானாம். ஒவ்வொரு தடவையும் ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கிறது, ஹீட்டர் ஃபேன் நாலாம் நம்பரில் சுற்றுகிறது, பின்கண்ணாடிச் சூடேற்றியும் ஆனில் இருக்கிறது. கருவியோ குளிரில் சூடாவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே குற்றுயிராகக் கிடந்த பேட்டரியின் மிச்ச உயிர் அந்தக் காத்திருப்பிலேயே போய்க்கொண்டிருந்தது.

குடித்துவிட்டு ஓட்டி மாட்டியவர்களின் காரில் நீதிமன்றமோ லைசென்ஸ் அலுவலகமோ பொருத்தச் சொல்லும் இன்டர்லாக் கருவி அது. மூச்சில் ஆல்கஹால் இருந்தால் செல்ஃப் எடுக்க விடாது. கலிஃபோர்னியா 1986-இல் இதற்குச் சட்டம் போட்டது. இன்று 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இந்தச் சட்டம் இருக்கிறது. நம் ஆட்களிடையே இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, வெட்கம். அதனால் பேட்டரி செத்துப்போனால் யாரிடம் கேட்பதென்றும் தெரிவதில்லை. மாட்டியது சரியா தவறா என்பதை விடுங்கள். மாட்டியாகிவிட்டது, பேட்டரியை எப்படிக் காப்பாற்றுவது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. செல்ஃப் அடிப்பதுதான் பேட்டரியைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 150 ஆம்பியர் மூன்று விநாடி இழுத்தால்கூடச் செலவு 0.125 ஆம்பியர்-மணிதான் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). சும்மா நிற்கும்போது போவதுதான் பெரிய செலவு. பூட்டி வைத்த இக்காலக் கார் 20 முதல் 50 மில்லியம்பியர் வரை இழுப்பது சாதாரணம். கணக்குக்காக வண்டி 30, கருவி 40, மொத்தம் 70 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.7 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி புது பேட்டரி பாதியாக இறங்கப் பதினெட்டு நாள் ஆகும். நாலு வருடம் உழைத்து 36-க்குச் சுருங்கிவிட்ட பேட்டரி என்றால் பத்தே நாள். அதோடு குளிரும் சேர்ந்துகொள்ளும். மைனஸ் 18 டிகிரியில், முழுதாக ஏறிய பேட்டரிகூட வெயில் காலத்தில் தரும் சக்தியில் சுமார் நாற்பது சதவீதம்தான் தரும். பாதி ஏறியதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தம்பிக்கு வீட்டிலிருந்தே வேலை. வண்டி வாரத்தில் ஐந்து நாள் அசையாது. எடுத்தால் மளிகைக் கடைக்குப் பத்து நிமிடம், திரும்பி வரப் பத்து நிமிடம். கருவியைத் திட்டிக்கொண்டிருந்தான். நான் பேட்டரியில் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தேன், ஐந்து வருடம் ஆகியிருந்தது.

டெர்மினலைக் கழற்றுவது: காசு செலவில்லை, ஆனால் வேண்டாம்

நம்மூர்க்காரருக்கு முதலில் தோன்றுவது இதுதான். ஊருக்குப் போகும்போது நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நமக்குப் பழக்கம். சாதாரண வண்டிக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. இன்டர்லாக் வண்டியில் இது வம்பை விலைக்கு வாங்குவது. கருவி எப்போதும் பேட்டரியோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. மின்சாரம் அறுந்தால் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று குறித்து வைத்துக்கொள்ளும். காலிபரேஷனுக்கு, அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்க, போகும் நாளில் அந்தப் பதிவெல்லாம் வெளியே வரும். "பேட்டரியைக் காப்பாற்றத்தான் கழற்றினேன்" என்று நீங்கள் சொல்லலாம். தாளில் இருப்பது கருவியைக் கையாடப் பார்த்த சந்தேகம். கடைகளில் விற்கும் கட்-ஆஃப் ஸ்விட்சுக்கும் இதே கதிதான்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இதே ஜாதி. மதுரையில் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் வண்டி கிளம்பிவிடும், அதற்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும். இங்கே கியர் வண்டி வைத்திருப்பவர் அதைச் செய்தால், ஊதாமலே எஞ்சின் ஓடியதாகப் பதிவாகும். அதற்கு விளக்கம் கொடுப்பதைவிடப் புது பேட்டரி வாங்குவது மலிவு.

இன்டர்லாக் வண்டிக்கு வைத்தியம் தேடும்போது விலையைப் பார்ப்பதற்கு முன்னால், கருவியின் குறிப்பேட்டில் இது என்னவென்று விழும் என்று பார்க்க வேண்டும். எனக்கு இது உறைக்கக் கொஞ்ச நாள் ஆனது. கரண்ட் எங்கே போகிறது என்று பார்க்க, வழக்கம்போல டெர்மினலைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரைக் கோர்க்கப் போனவன் நான். தம்பிதான் கையைப் பிடித்தான். கழற்றாமல் பார்க்க டி.சி. கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருக்கிறது. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கின பிறகு அளக்க வேண்டும்.

சார்ஜரா, புது பேட்டரியா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

ப்ளக் பாயின்ட் எட்டுகிற தூரத்தில் வண்டி நிற்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஒரு ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜர் போதும். பேட்டரி டெண்டர் ஜூனியர் 0.75 ஆம்பியர், நோக்கோ ஜீனியஸ்1 ஒரு ஆம்பியர். இந்த வகையெல்லாம் 30 முதல் 70 டாலருக்குள் வரும். பேட்டரி நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொண்டு, கசிவுக்கு ஈடாக மட்டும் ஊட்டிக்கொண்டிருக்கும். நாளுக்கு 1.7 ஆம்பியர்-மணி கசிகிற இடத்தில் இது இரண்டு மணி நேரத்தில் சரிக்கட்டிவிடும். கருவியைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை, மின்சாரம் அறவில்லை, குறிப்பும் விழாது.

மாட்டுவதில் இரண்டு கவனம். பெட்டியில் வளைய முனை வைத்த வயர் ஒன்றும், முதலைக் கிளிப் வயர் ஒன்றும் இருக்கும். வளையத்தை மாட்டுவதற்கு டெர்மினல் நட்டைத் தளர்த்த வேண்டும். தளர்த்தும்போது கிளாம்ப் ஒரு விநாடி நழுவினாலும் கருவிக்குக் கரண்ட் போய் வந்துவிடும். அதனால் கிளிப்பே போதும், சிவப்பு பாசிட்டிவில், கறுப்பு எஞ்சின் பக்கம் வெற்று இரும்பில். இரண்டாவது, சில சார்ஜர்களில் செத்த பேட்டரியைப் பிழைக்க வைக்கும் 'ரிப்பேர்' பொத்தான் ஒன்று இருக்கும். அது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். பேட்டரி வண்டியில் மாட்டியிருக்கும்போது அதைத் தொடாதீர்கள். வண்டியின் மற்ற எலெக்ட்ரானிக்ஸுக்கும் அது நல்லதில்லை, வாடகைக்கு வாங்கிய கருவிக்கும் நல்லதில்லை.

அபார்ட்மென்ட் வாசிகளுக்கு ப்ளக் பாயின்ட் ஏது? மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் தொங்கவிட்டால் மேனேஜர் வந்து நிற்பார். அவர்களுக்குப் புது பேட்டரிதான் வழி. சாதாரண ஆசிட் பேட்டரியைவிட, ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் ஊறவைத்த ஏ.ஜி.எம். வகை விலை கூடுதல், 200 முதல் 300 டாலர். தானாகக் கசிவது குறைவு, பாதி வரை இறங்கி ஏறுவதையும் நன்றாகத் தாங்கும். வாரத்துக்கு ஐந்து நாள் நிற்கிற வண்டிக்கு அந்தக் கூடுதல் காசு வீண் இல்லை என்பது என் கட்சி. வண்டியில் இடம் இருந்தால் ஒரு சைஸ் பெரிதாகவும் பார்க்கலாம்.

ஆனால் புது பேட்டரி நாள் கணக்கை நீட்டித்துத் தரும், அவ்வளவுதான். 1.7 என்பது 1.7-தான், 28 நாளைக்கு 47 ஆம்பியர்-மணி. டிசம்பரில் நாலு வாரம் ஊருக்குப் போகிறவருக்கு ஏ.ஜி.எம். என்றாலும் அதோகதிதான். இறங்கிப்போன சாதாரண பேட்டரி என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு, மைனஸ் 7 டிகிரி வாக்கிலேயே உள்ளே திரவம் உறைந்து பெட்டி விரிசல் விடலாம். அப்படிப் போகிறவர்கள் பேட்டரியை நினைப்பதற்கு முன்னால் கருவி கம்பெனியைக் கூப்பிட வேண்டும். காலிபரேஷன் தேதி நடுவில் விழுந்தால் கருவி தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு பேட்டரி முழுதாக இருந்தும் பிரயோசனம் இல்லை.

பேட்டரி மாற்றுகிற அன்றும் கரண்ட் அறும். கம்பெனிக்கு முன்கூட்டியே போன் செய்து, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் 'மெமரி சேவர்' போட்டு மாற்றச் சொல்லுங்கள். மெக்கானிக் கோளாறு பார்க்கச் செருகும் ஓ.பி.டி. சாக்கெட் வழியாகத் தற்காலிகமாகக் கரண்ட் கொடுத்துவைக்கும் சின்னப் பெட்டி அது. தம்பி முதலில் போன கடையில், "அதெல்லாம் எதுக்கு, ரெண்டு நிமிஷ வேலை" என்று ஸ்பானரை எடுத்துவிட்டார்கள். அவன் குறுக்கே நின்று தடுத்துவிட்டு வேறு கடைக்குப் போனான். ஆட்டோசோன், ஓ'ரைலி மாதிரிப் பெரிய உதிரிபாகக் கடைகளில் பேட்டரியை இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள், வாங்குவதற்கு முன் அதைச் செய்துகொள்ளலாம்.

சோலார் தகடு

படத்தில் பார்க்க அழகாக இருக்கும். 5 வாட் தகடு நல்ல வெயிலில் 0.3 ஆம்பியர் தரும். மிச்சிகன் டிசம்பரில் முழு வெயிலுக்குச் சமமாக ஒரு நாளில் இரண்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அதாவது 0.6, தேவையோ 1.7. அதுவும் முன்கண்ணாடிக்குப் பின்னால், பனி மூடாமல் இருந்தால். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற வகையை வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பல கார்களில் சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட் செத்துவிடும், தகடு வெறுமனே வெயில் காயும். அரிசோனாவில் இருப்பவர் 15, 20 வாட் தகடு போட்டால் பேச்சு வேறு.

ஸ்டார்ட் பண்ணி ஓட விடுவது

"தினம் பத்து நிமிஷம் ஆன் பண்ணி வச்சா போதும்" என்று சொல்லாத மாமா கிடையாது. வண்டி நின்றபடி ஓடும்போது, பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் தருவதே குறைவு, குளிரில் ஃபேனும் விளக்கும் அதைத் தின்றுவிடும். அது போகட்டும், இன்டர்லாக் வண்டியில் இதற்கு வேறு ஒரு கண்ணி இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது கருவி அவ்வப்போது மறுபடி ஊதச் சொல்லும். வண்டியை ஓட விட்டுவிட்டு நீங்கள் மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தால், ஊதத் தவறியதாகப் பதிவாகும். குளிருக்கு வண்டியைச் சூடேற்றப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க முடிந்தால் அதற்கு ஓட்டிக்கொண்டே போய்விட்டு வரலாம். வாரத்துக்கு ஒரு முறை, ஹைவேயில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இதுவே பாதி வைத்தியம்.

ஜம்ப் ஸ்டார்ட்டர்

இது வருமுன் காக்கிற வகையில் சேராது, வந்தபின் காக்கிறது. ஆனாலும் வீட்டில் ஒன்று இருக்கட்டும். நோக்கோ ஜிபி40 போன்ற லித்தியம் பெட்டிகள் 1000 ஆம்பியர் உச்சம் என்று போட்டிருப்பார்கள், சாதாரண பெட்ரோல் காருக்குத் தாராளம். காரிலேயே வைக்காதீர்கள், குளிரில் அதுவும் சோர்ந்துபோகும். படுக்கையறை அலமாரியில் வைத்து, காலையில் கையோடு கொண்டுபோங்கள்.

வரிசை முக்கியம். பெட்டியை மாட்டுங்கள். விளக்கு, ஃபேன், பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் அணையுங்கள். பிறகு சாவியைத் திருப்பி, கருவி சூடாகித் தயாராகும் வரை பொறுத்து, ஊதி, பாஸ் வந்ததும் செல்ஃப். அந்தத் திங்கட்கிழமை நாங்கள் செய்தது இதுதான். ஐந்தாவது ஊதலில் வண்டி எடுத்தது. நாலு தடவை செத்துப் பிழைத்த கருவி அதையெல்லாம் குறித்து வைத்திருக்கும் என்று, அன்றே கம்பெனிக்கு போன் போட்டு பேட்டரி விவரம் சொல்லி வைத்தான்.

ஊதும் கைப்பிடியை இரவில் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகச் சில மாடல்களும் சில மாநிலங்களும் அனுமதிக்கின்றன. பொருத்திய இடத்தில் கேளுங்கள். அனுமதி இருந்தால் அதைவிட சுலபமான வழி இல்லை. காலையில் கைச்சூட்டோடு வருகிற கைப்பிடி சீக்கிரம் தயாராகிவிடும், சாவி ஆனில் காத்திருக்கிற நேரம் மிச்சம். அனுமதி கேட்காமல் நீங்களாகப் பிடுங்கினால் அது முதலில் சொன்ன டெர்மினல் கதைதான்.

என்னைக் கேட்டால்: சொந்த கராஜ் இருப்பவருக்கு ஒரு ஆம்பியர் சார்ஜர், வேறெதுவும் வேண்டாம். அபார்ட்மென்ட்டில் இருப்பவருக்குப் புது ஏ.ஜி.எம்., ஞாயிற்றுக்கிழமை ஹைவே சுற்று, அலமாரியில் ஜம்ப் பெட்டி, இந்த மூன்றும். தினமும் முக்கால் மணி நேரம் ஆபீசுக்கு ஓட்டுகிறவருக்கு நாலு வருடத்துக்கு மேல் ஆகாத பேட்டரி இருந்தாலே போதும், காசைச் சேமியுங்கள்.

தம்பி இரண்டாவது வழியில் இருக்கிறான். ஞாயிறு காலை ஆன் ஆர்பர் வரை போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிறான், நானும் ஒட்டிக்கொள்கிறேன். கிளம்புவதற்கு முன்னால், கதவைத் திறப்பதற்கும் முன்னால், கம்ப்யூட்டர்கள் விழிக்குமுன் பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் அவனுக்கு ஆசை. பானெட் நெம்புகோல் உள்ளே இருக்கிறது என்பதால் முடிவதில்லை, கதவைத் திறந்து நெம்பிவிட்டு, மூடி, அரை மணி நேரம் குளிரில் நடந்துவிட்டு வந்து வைக்கிறோம். போன வாரம் 12.5 வோல்ட்.