விவாகரத்து முடிந்தும் கைக்கு வராத 401கே பங்கு: எந்த வக்கீலிடம் போவது?

அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை மகளுக்கு விவாகரத்தாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. கணவரின் 401கே கணக்கில் (வேலை செய்யும் நிறுவனத்தின் மூலம் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) திருமணக் காலத்தில் சேர்ந்ததில் பாதி அவளுக்கு என்று தீர்ப்பில் தெளிவாக இருந்தது. அதை நம்பியே இருந்துவிட்டாள். ஒருநாள் அந்தக் கணக்கை நடத்தும் நிறுவனத்துக்கு போன் செய்தபோது, "உங்கள் பெயரில் எங்களுக்கு எந்த உத்தரவும் வரவில்லையே" என்றார்கள். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பலவகை வக்கீல்களிடம் பேசினோம். யார் எதற்குப் பயன்படுவார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

முதலில் ஒரு விஷயம். விவாகரத்துத் தீர்ப்பு அந்த இருவரைத்தான் கட்டுப்படுத்தும். ஓய்வுக்காலத் திட்டத்தை அல்ல. 1974-ல் வந்த எரிசா சட்டப்படி, ஊழியரின் ஓய்வுக்காலப் பணத்தை வேறு யாருக்கும் மாற்றித்தர முடியாது. அதற்கு 1984-ல் ஒரு வாசல் திறந்தார்கள். நீதிமன்றம் தனியாக ஓர் உத்தரவு போட்டு, அதைத் திட்ட நிர்வாகி ஏற்றுக்கொண்டால் பங்கு பிரியும். வக்கீல்கள் அதை 'குவாட்ரோ' என்பார்கள். திட்டம் தன் கையில் இருக்கும் காகிதத்தைத் தவிர வேறெதையும் பார்க்காது. 2009-ல் டூபாண்ட் சேமிப்புத் திட்டம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. விவாகரத்தின்போது மனைவி உரிமையை விட்டுக்கொடுத்திருந்தும், வாரிசுப் படிவத்தில் அவர் பெயரே இருந்ததால் சுமார் 4 லட்சம் டாலர் அவருக்குப் போனது சரிதான் என்றது. அங்கே காகிதம் முன்னாள் மனைவிக்கு உதவியது. என் அத்தை மகளிடம் அந்தக் காகிதமே இல்லை.

விவாகரத்தை நடத்திக்கொடுத்த பழைய வக்கீலிடம் போவதா என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கோப்பு அவரிடம் இருக்கிறது, கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம். ஆனால் குவாட்ரோ எழுதுவது பல குடும்பநல வக்கீல்களுக்கு அன்றாட வேலை இல்லை. வெளியே கொடுத்து எழுதி வாங்குவார்கள். அதைவிடச் சங்கடமான கேள்வி, அன்றே அதை எழுதி முடிக்காதது யார் தவறு என்பது. அவர் தவறாக இருந்தால் அவருடைய நலனும் உங்கள் நலனும் எதிரெதிராகிவிடும். அப்போது அவர் சொல்லும் யோசனையை முழுதாக நம்ப முடியாது. இதில் காலக்கெடுவும் இருக்கிறது. நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-ல் ஒரு பெண்ணின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவருடைய வக்கீல் குவாட்ரோ வாங்காமல் விட்டிருந்தார். அது தெரியவந்ததே முன்னாள் கணவர் இறந்த பிறகுதான். ஆனாலும் வக்கீல்மீது வழக்குப்போடும் மூன்று வருடக் கணக்கு விவாகரத்துக் காலத்திலேயே தொடங்கிவிட்டது என்றது நீதிமன்றம். மற்ற மாநிலங்களில் கணக்கு வேறாக இருக்கலாம். எப்படியானாலும், பழைய வக்கீலிடமிருந்து கோப்பின் நகலை வாங்கிவிடுங்கள். அவரையே மறுபடி அமர்த்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செலவு குறைந்த வழி, திட்ட நிர்வாகி தரும் மாதிரிப் படிவம், அல்லது இணையத்தில் படிவம் நிரப்பித்தரும் சேவை. இரண்டு பேரும் சுமுகமாக இருந்து, ஒரே ஒரு 401கே, சதவீதமும் தேதியும் முடிவாகிவிட்டது என்றால் இதுவே போதும். ஆனால் அந்த மாதிரிப் படிவம், நிர்வாகியின் வேலை சுலபமாக வேண்டும் என்று எழுதப்பட்டது. உங்களுக்கு எது லாபம் என்று அது யோசிக்காது. என் அத்தை மகள் முதலில் இதைத்தான் நிரப்பினாள். விவாகரத்துத் தேதியன்று இருந்த தொகையில் பாதி என்று எழுதி, கையெழுத்துக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தாள். அந்த ஆறு வருடத்தில் அவளுடைய பாதி சந்தையில் வளர்ந்திருந்ததே, அந்த வளர்ச்சி யாருக்கு? படிவம் அதைக் கேட்கவே இல்லை.

அதைக் கேட்டவர் குவாட்ரோ மட்டுமே எழுதும் ஒரு வக்கீல், அதுவும் பேச ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில். லாப நஷ்டம் சேருமா, கணவர் அந்தக் கணக்கில் கடன் வாங்கியிருக்கிறாரா, வாங்கியிருந்தால் அதைக் கழித்தா கழிக்காமலா, பணம் பிரிவதற்குள் இரண்டு பேரில் ஒருவர் இறந்தால் என்ன என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம், நீதிபதியின் கையெழுத்துக்கு முன்பே வரைவை நிர்வாகிக்கு அனுப்பி, 'இது செல்லும்' என்று எழுத்தில் வாங்கிவிடுவேன் என்றார். கையெழுத்தான பிறகு திரும்பி வந்தால் மறுபடி நீதிமன்றம் போக வேண்டும். அந்த அலைச்சல் இதில் இல்லை. பெரும்பாலும் ஒரே தொகையாகப் பேசிக்கொள்வார்கள், மணிக்கணக்கு ஓடாது. எல்லோரும் இப்படி என்று சொல்லமாட்டேன். சிலர் வரைவை எழுதிக்கொடுத்ததோடு விலகிவிடுவார்கள். திட்டம் ஏற்றுக்கொள்ளும்வரை தொடர்வது யார், இதே திட்டத்துக்கு இதற்குமுன் எழுதியிருக்கிறீர்களா என்ற இரண்டையும் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

மாதாமாதம் வரும் பழையவகை பென்ஷன் என்றால் நிபுணர் இல்லாமல் போகவே கூடாது. முன்னாள் கணவர் மறுமணம் செய்து ஓய்வும் பெற்றுவிட்டால், அவர் காலத்துக்குப் பிறகு வரவேண்டிய பென்ஷன் புது மனைவியின் உரிமையாகிவிடுகிறது என்று ஒன்றுக்கு மேற்பட்ட மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. மத்திய அரசு ஊழியர் என்றால் விதிகளே வேறு. டிஎஸ்பி என்னும் அவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கு ஒருவகை உத்தரவு, பென்ஷனுக்கு வேறொன்று, இரண்டும் குவாட்ரோ இல்லை. மாறாக, பணம் ஐஆர்ஏ கணக்கில் (தனிநபர் தானே தொடங்கும் ஓய்வுக்காலக் கணக்கு) மட்டும் இருந்தால் குவாட்ரோவே வேண்டாம். விவாகரத்து ஆவணத்தை வைத்து நேரடியாக மாற்றலாம். அதற்கு நிபுணரைத் தேடிப் போகாதீர்கள்.

நான்காவது ஆள், நீதிமன்றத்தில் நின்று வாதாடி வசூல் செய்யும் குடும்பநல வக்கீல். எல்லோரிலும் அதிகம் செலவு வைப்பவர் இவர் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். ஆனால் பணத்தையே எடுத்துச் செலவழித்துவிட்டார், அல்லது வேலை மாறி எங்கோ மாற்றிவிட்டார், ஒத்துழைக்கவே மாட்டேன் என்கிறார் என்றால் வேறு வழியில்லை. இல்லாத கணக்கின்மேல் எவ்வளவு நல்ல குவாட்ரோ எழுதினாலும் அதில் பணம் வராது. இவர் தீர்ப்பை மீறியதற்காக மனு போடுவார், மற்ற சொத்துகளைத் தேடுவார், புது வேலையில் சேர்ந்த 401கேயிலிருந்தே ஈடுகட்டும்படி நீதிமன்றத்தைக் கேட்பார். தீர்ப்பை மீறியவரே எதிர்த்தரப்பு வக்கீல் செலவைக் கட்ட வேண்டும் என்று உத்தரவிடவும் பல மாநிலங்களில் இடமுண்டு. விவாகரத்தில் சொத்துப் பிரிப்பதற்கு வசூலில் சதவீதம் வாங்கக் கூடாது என்பது வக்கீல்களுக்குப் பொதுவான நெறி. ஆனால் தீர்ப்புக்குப் பின் நிலுவையில் இருப்பதை வசூலிக்க அப்படிப் பேசிக்கொள்ளலாம். கையில் முன்பணம் இல்லாதவர்கள் இதைத் தயங்காமல் கேளுங்கள்.

எனவே என் தேர்வு எளிது. பணம் இன்னும் திட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் குவாட்ரோ நிபுணர், போய்விட்டது என்றால் வாதாடும் வக்கீல். யாரை அமர்த்தினாலும் அதுவரை காத்திருக்காமல், உத்தரவு வரப்போகிறது என்று தீர்ப்பின் நகலோடு நிர்வாகிக்கு இன்றே கடிதம் போடுங்கள். பல திட்டங்கள் அதைப் பார்த்ததும் கணக்கிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்திவைக்கும். உத்தரவு போய்ச் சேர்ந்த பிறகு, அது செல்லுமா என்று ஆராயும் காலத்தில் உங்கள் பங்கைத் தனியாகக் கணக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு 18 மாத வரம்பு.

என் அத்தை மகள் நிபுணரைத்தான் அமர்த்தினாள். வளர்ச்சியையும் சேர்த்து எழுதிய உத்தரவுக்கு முன்னாள் கணவர் கொஞ்சம் இழுத்தடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பணம் பிரியும் நாளில் அந்த வக்கீல் இன்னொன்றும் சொன்னார். குவாட்ரோ மூலம் திட்டத்திலிருந்து நேரடியாக எடுக்கும் பணத்துக்கு, 59½ வயதுக்கு முன் எடுத்தாலும் 10 சதவீத அபராதம் கிடையாது, வருமான வரி மட்டும்தான். அதே பணம் ஐஆர்ஏவுக்குப் போய்விட்டால் அந்தச் சலுகை போய்விடும். அவளுக்குக் கொஞ்சம் கடன் இருந்தது. அதை அடைக்க வேண்டிய தொகையை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு, மீதியைத் தன் பெயரில் ஒரு ஐஆர்ஏ கணக்குக்கு மாற்றினாள்.